உங்களுக்குத் தெரியுமா? மேய்ச்சல் பசுவும் தழைச்சத்தும்

நியூசிலாந்து, அயர்லாந்து, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். இங்கெல்லாம் கறவை மாட்டைக் கட்டிப்போட்டுத் தீனி வைப்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதி அது வெட்டவெளியில் மேய்கிறது. இலங்கையில் தேநீரில் கலக்கும் ஆங்கர் பால்மாவின் பூர்வீகமும் இப்படியொரு புல்வெளிதான். புல் செழிக்கத் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், வேண்டும். போட்ட தழைச்சத்தில் எவ்வளவு பாலாகிறது, மிச்சம் எங்கே போகிறது என்ற கேள்விதான் இந்த நாடுகளின் பால் பண்ணையாளர்களை இன்று தூங்கவிடாமல் செய்கிறது.

● நாளுக்கு 20 லிட்டர் கறக்கும் பசு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஈரத்தை நீக்கிக் கணக்கிட்டால் அது ஒரு நாளில் 16 கிலோ புல் தின்கிறது. வசந்தகால இளம்புல்லில் புரதம் 24 சதவீதம் இருக்கும். அப்படியானால் அந்தப் புரதத்தின் வழியே மாட்டின் வயிற்றுக்குள் போகும் தழைச்சத்து சுமார் 615 கிராம். 20 லிட்டர் பாலில் வெளிவருவதோ ஏறக்குறைய 110 கிராம்தான். ஆறில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். மீதி அரைக்கிலோவும் சாணமாகவும் மூத்திரமாகவும் புல்வெளிக்கே திரும்புகிறது.

● மாடு ஏன் இவ்வளவு வீணடிக்கிறது? புல்லில் உள்ள புரதத்தில் பெரும்பகுதியை மாடு நேரடியாகப் பயன்படுத்துவதில்லை. பெருவயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள் முதலில் அதை அம்மோனியாவாக உடைக்கின்றன. பிறகு அந்த அம்மோனியாவைக்கொண்டு தங்கள் உடலைக் கட்டிக்கொள்கின்றன. அந்த நுண்ணுயிரிகள்தான் கடைசியில் மாட்டுக்குப் புரதமாகக் கிடைக்கின்றன. உடல் கட்டும் இந்த வேலைக்கு மாவுச்சத்தும் சர்க்கரையும் தேவை. இளம்புல்லில் புரதம் கொட்டிக் கிடக்கிறது, சர்க்கரை அந்த அளவுக்கு இல்லை. பயன்படாமல் மிஞ்சும் அம்மோனியா இரத்தத்தில் கலக்கிறது. ஈரல் அதை யூரியாவாக மாற்றுகிறது, சிறுநீரகம் வெளியே தள்ளுகிறது. இதற்கெல்லாம் மாடு தன் சக்தியையும் செலவழிக்கிறது என்பது கூடுதல் நஷ்டம்.

● தீவனத்தில் புரதம் கூடினாலும் குறைந்தாலும் சாணத்தில் போகும் தழைச்சத்து பெரிதாக மாறுவதில்லை. ஏறி இறங்குவது மூத்திரத்தில்தான். மேலே சொன்ன பசுவின் தீவனத்தில் புரதத்தை 24 சதவீதத்திலிருந்து 17 சதவீதமாகக் குறைத்தால் மூத்திரத்தில் போகும் தழைச்சத்து ஏறக்குறைய பாதியாகிவிடும். சக்தி குறையாமல் பார்த்துக்கொண்டால் பாலும் குறையாது. தழைச்சத்தைச் சிக்கனப்படுத்த நினைக்கும் பண்ணையாளர் உரக்கடைக்குப் போகும் முன் மாட்டின் வாய்க்குள் போவதைத்தான் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

● பசு ஒருமுறை மூத்திரம் பெய்தால் சுமார் 2 லிட்டர். அதில் உள்ள தழைச்சத்து 20 கிராம் அளவில் இருக்கும். இருபது கிராம்தானே என்று தோன்றும். ஆனால் அது நனைப்பது ஒரு சதுர மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு இடத்தை மட்டுமே. அந்தச் சிறு வட்டத்துக்குள் விழும் தழைச்சத்தை ஹெக்டேர் கணக்கில் சொன்னால் சுமார் 600 கிலோ ஆகிறது, சில சமயம் 1,000 கிலோவரை போகிறது. நம் ஊர்க் கணக்கில், ஏக்கருக்கு ஏறத்தாழ 12 மூட்டை யூரியாவை ஒரே நாளில் கொட்டியதற்குச் சமம்!

எந்தப் புல்லாலும் அவ்வளவையும் உறிஞ்ச முடியாது. மாடுகள் மேய்ந்து போன மூன்று வாரம் கழித்து அந்த நிலத்தில் நடந்து பாருங்கள். வெளிர்பச்சைப் பரப்பின் நடுவே கணுக்கால் உயரத்துக்குக் கரும்பச்சையாய்த் திட்டுத் திட்டாகப் புல் எழும்பி நிற்கும். கோடையாக இருந்தால் திட்டின் நடுவில் புல் கருகி, சுற்றிலும் மட்டும் வளையமாகத் தழைத்திருக்கும். ஒவ்வொரு திட்டும் ஒரு மாடு நின்ற இடம். புல் எடுத்துக்கொண்டதுபோக மிச்சம் வேருக்கும் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது.

● நியூசிலாந்தில் ஒரு சராசரி மந்தையில் ஏறத்தாழ 440 பசுக்கள். ஒரு பசு நாளைக்குப் பத்துத் தடவை பெய்தாலும் 4,400 திட்டுகள். எல்லாவற்றையும் சேர்த்தால் ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு இடம், தினமும்.

நம் கீதாரிகள் ஆட்டுக்கிடையை இரவுக்கிரவு இடம் மாற்றிப் போடுவது நினைவுக்கு வருகிறது. புழுக்கையும் மூத்திரமும் வயல் முழுக்கச் சீராக விழவேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். ஆட்டு மூத்திரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவலாக விழும், பசுவுடையது ஒரே இடத்தில் கொட்டும். பெரிய மந்தையில் இந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம்.

● எல்லா மாதத்து மூத்திரமும் ஒரே கெடுதல் செய்வதில்லை. வசந்தத்தில் விழுந்தால் வேகமாக வளரும் புல் நிறைய எடுத்துக்கொள்ளும். இலையுதிர் காலத்தில் விழுந்தால் புல்லின் வளர்ச்சி அடங்கும் நேரம், அடுத்து வருவது குளிர்கால மழை. நைட்ரேட்டாக மாறிய தழைச்சத்து மழைநீரோடு நிலத்தடிக்குப் போய்விடும். அதனால் இலையுதிர் காலத்தில் மாடுகளைச் சில மணி நேரம் மட்டும் மேயவிட்டு, மற்ற நேரம் மரத்தூள் பரப்பிய முற்றத்தில் நிறுத்திவைக்கும் பழக்கம் உருவானது. நியூசிலாந்தின் மாசி பல்கலைக்கழகம் இதைச் சோதித்தபோது நைட்ரேட் கசிவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. முற்றம் கட்டவும் அங்கே சேரும் சாணத்தை வாரவும் ஆகும் செலவு பண்ணையாளர் தலையில்தான்.

● தூய பாலிலும் யூரியா உண்டு! கலப்படக்காரர் கலப்பதைச் சொல்லவில்லை. இரத்தத்தில் ஓடும் யூரியா பாலிலும் இயற்கையாகவே வரும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பத்து லட்சத்தில் 700 பங்குவரை பாலில் யூரியாவை அனுமதிப்பது இதனால்தான். மேய்ச்சல் நாடுகளில் இந்த அளவு ஒரு துப்பு. பால் யூரியா ஏறினால், தீவனத்தில் புரதம் மிஞ்சுகிறது, சக்தி போதவில்லை, மூத்திரம் வழியே தழைச்சத்து வழிகிறது என்று பொருள். பால் வாங்கும் நிறுவனம் தரும் சீட்டிலேயே அந்த எண்ணும் வந்துவிடுகிறது. தனிப் பரிசோதனைக்குச் செலவு இல்லை.

● பாலில் புரதம் இவ்வளவு என்று அச்சிடுகிறார்களே, அதற்கு அடிப்படையான சோதனை அளப்பது புரதத்தை அல்ல, நைட்ரஜனை. 1883-இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் ஜோஹன் கெல்டால் கண்டுபிடித்த முறை அது. கிடைத்த நைட்ரஜனை 6.38-ஆல் பெருக்கினால் பால் புரதம்.

● நம் ஊர் நிலைமை இதற்கு நேர் எதிர். வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான். பெருவயிற்று நுண்ணுயிரிகள் தழைச்சத்து இல்லாமல் பட்டினி கிடக்கும். அதனால்தான் 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, மூடிவைத்து ஊட்டமேற்றச் சொல்கிறார்கள். அங்கே எந்தப் பொருளை மாட்டின் உடம்பிலிருந்து குறைக்கப் பாடுபடுகிறார்களோ, அதே பொருளை இங்கே அளந்து சேர்க்கிறோம். வைக்கோல் தின்னும் மாடு தன் இரத்தத்திலுள்ள யூரியாவையும் விடுவதில்லை, எச்சில் வழியாகப் பெருவயிற்றுக்கே திருப்பி அனுப்பிக்கொள்கிறது. மூத்திரத்தில் போவது மிகக் கொஞ்சம்.

● மேய்ச்சல் புல்லான ரைகிராஸின் தூர் ஒன்றில் ஒரு சமயத்தில் உயிரோடு இருப்பது மூன்றே இலை. நான்காவது இலை விரியும்போது முதல் இலை காய்ந்துவிடும். எனவே நான்காவது வந்தபின் மேயவிட்டால் புல் நஷ்டம். இரண்டு இலையில் அவசரப்பட்டு விட்டாலோ அது புரதம் மிகுந்த, சர்க்கரை குறைந்த புல். மூத்திரத் திட்டின் கதை அங்கே தொடங்கிவிடுகிறது. அதனால் அனுபவமுள்ள மேய்ப்பர் வேலிப்படலைத் திறக்கும் முன் குனிந்து இலையை எண்ணுகிறார். காசு செலவில்லாத தழைச்சத்துச் சிக்கனங்களில் இதற்கு நான் முதலிடம் கொடுப்பேன்.

● புல்லில் சர்க்கரை பொழுதோடு கூடும். பகல் முழுக்க வெயிலில் சமைத்ததைப் புல் இரவில் செலவழிக்கும். ஆகவே புதுப் புலத்தைக் காலையில் அல்ல, மாலைக் கறவை முடிந்ததும் திறந்துவிடுவது சிலரது வழக்கம்.

● அதிகச் சர்க்கரை கொண்ட ரைகிராஸ் ரகங்களையே உருவாக்கியவர்கள் வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித் ஆய்வாளர்கள். ஏபர் என்று தொடங்கும் பெயர்களோடு அவை விற்பனைக்கு வந்தன. அந்தப் புல்லைத் தின்ற பசுக்களின் மூத்திரத்தில் தழைச்சத்து குறைந்ததை அவர்களின் சோதனைகள் காட்டின. எல்லா ஊரிலும், எல்லாப் பருவத்திலும் சர்க்கரை ஒரே மாதிரி ஏறுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

● மக்காச்சோள சைலேஜ் என்ற பதப்படுத்திய தீவனத்தில் புரதம் 7, 8 சதவீதம்தான், மாவுச்சத்தோ நிறைய. இளம்புல்லோடு சேர்த்துக் கொடுத்தால் புரதம் சமனாகும். செம்பனைப் பிண்ணாக்கு அப்படியல்ல. இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து அதை மிக அதிகமாக வாங்கும் நாடுகளில் நியூசிலாந்தும் ஒன்று. கப்பலில் வரும் ஒவ்வொரு டன்னும் புதுத் தழைச்சத்தைப் பண்ணைக்குள் கொண்டுவருகிறது. உர மூட்டையை எண்ணுகிறவர்கள் பிண்ணாக்கு மூட்டையை எண்ண மறந்துவிடுகிறார்கள்.

● புல்லோடு வளரும் பருப்பினக் கொடியான வெள்ளைக் குளோவர் ஒன்றை மண்ணோடு பெயர்த்து, வேரைக் கழுவிப் பாருங்கள். கேழ்வரகு மணியைவிடச் சிறிதும் பெரிதுமாக முடிச்சுகள் ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. அதுதான் நல்ல செய்தி! காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடிக்கும் பாக்டீரியா உள்ளே மும்முரமாக வேலை செய்கிறது. பச்சையாகவோ வெளுப்பாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. சிவப்புக்குக் காரணம் லெக்ஹீமோகுளோபின். நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவு. பாக்டீரியாவின் நைட்ரஜன் வேலையைக் கெடுக்கும் ஆக்சிஜனை அது அளந்து அளந்து விடுகிறது.

பருப்பினச் செடிகளின் வேர்முடிச்சுதான் காற்றிலிருந்து தழைச்சத்தை எடுக்கிறது என்று 1880களில் நிரூபித்தவர்கள் ஹெர்மன் ஹெல்ரீகல், ஹெர்மன் வில்ஃபார்த் என்ற இரண்டு ஜெர்மானியர்கள்.

● குளோவருக்கு ஒரு குணம் உண்டு. மண்ணில் தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் தானாகத் தயாரிப்பதை நிறுத்திவிடும். 1990களில் நியூசிலாந்தின் ஹாமில்டன் அருகே, கறவை மாடுகள் மேய்ந்த சிறு பண்ணைகளில் இதை அளந்து பார்த்தார்கள். உரமே போடாத புலத்தில் குளோவர் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 99 முதல் 231 கிலோவரை தழைச்சத்தைக் காற்றிலிருந்து பிடித்தது. 400 கிலோ உரத் தழைச்சத்து போட்ட புலத்தில் அதே குளோவர் பிடித்தது 15 முதல் 44 கிலோதான்.

கசிவுக் கணக்கு இன்னும் வேதனை. உரம் போடாத இடத்தில் ஆண்டுக்கு 20 முதல் 74 கிலோ நைட்ரேட் தழைச்சத்து நிலத்தடிக்குப் போனது. 400 கிலோ போட்ட இடத்தில் 100 முதல் 204 கிலோ. இலவசமாகக் கிடைத்ததை நிறுத்திவிட்டு, காசு கொடுத்து வாங்கியதில் ஒரு பெரும்பங்கை ஆற்றுக்கு அனுப்பியிருக்கிறார்கள்! மேய்ச்சல் பண்ணையைப் பற்றி ஒரே ஒரு சோதனையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

● அயர்லாந்தின் மூர்பார்க் ஆய்வுப் பண்ணையில், குளோவர் கலந்த புல்லுக்கு 150 கிலோ தழைச்சத்து மட்டும் போட்டார்கள். வெறும் புல்லுக்கு 250 கிலோ. இரண்டும் தந்த தீவனம் சமமாக இருந்தது. குளோவர் தின்ற மாடுகள் பால் கூடுதலாகவே கறந்தன. பிறகு ஏன் எல்லோரும் குளோவருக்கு மாறவில்லை? வயிற்று உப்புசம். பசித்த மாடு குளோவர் நிறைந்த புலத்தில் நுழைந்து அள்ளித் தின்றால் பெருவயிற்றில் நுரை கட்டி, சில மணி நேரத்தில் உயிரே போகலாம். தண்ணீர்த் தொட்டியில் நுரையடக்கும் எண்ணெய் கலப்பது, பசியோடு உள்ளே விடாமலிருப்பது என்று காவல் தேவைப்படுகிறது. ஒரு நல்ல கறவையை இப்படி இழந்த குடும்பத்திடம் போய்த் தழைச்சத்துச் சிக்கனம் பேசுவது எளிதல்ல.

● 1991-இல் நியூசிலாந்து மண்ணில் போட்ட உரத் தழைச்சத்து 62,000 டன். 2019-இல் அது 4,52,000 டன். ஏழு மடங்குக்கும் மேல்.

● 2021 ஜூலை 1 முதல் நியூசிலாந்தில் சட்டமே வந்துவிட்டது. மேய்ச்சல் நிலத்தில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 190 கிலோவுக்கு மேல் செயற்கைத் தழைச்சத்து போடக்கூடாது. நம் 45 கிலோ யூரியா மூட்டையில் சொன்னால் ஏக்கருக்கு நான்கு மூட்டைக்கும் சற்றுக் குறைவு. பால் பண்ணையாளர்கள் போட்ட அளவை ஆண்டுதோறும் வட்டார மன்றத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்றும் விதித்தார்கள். கணக்கு எழுதத் தொடங்கியதே பலரைக் குறைக்க வைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

● யூரியாவை அம்மோனியாவாக உடைப்பது யூரியேஸ் என்ற நொதி. மண்ணிலும் சாணத்திலும் எங்கும் உண்டு. உலகில் முதன்முதலாகப் படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்ட நொதி இதுதான். 1926-இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் சம்னர் நம் தம்பட்டங்காயின் நெருங்கிய சொந்தமான ஜாக் பீன் விதையிலிருந்து அதை எடுத்தார். ஒன்பது ஆண்டு உழைப்பு. பதினேழு வயதில் வேட்டை விபத்தில் இடக்கையை இழந்தவர் அவர், அதுவும் இடக்கைப் பழக்கமுள்ளவர். அவரால் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்ய முடியாது என்று சொன்னவர்களை மீறி 1946-இல் நோபல் பரிசு பெற்றார்.

அந்த நொதியைச் சில நாள் கட்டிப்போடும் மருந்து பூசிய யூரியாவை அயர்லாந்தில் பாதுகாக்கப்பட்ட யூரியா என்கிறார்கள். அந்நாட்டு வேளாண் ஆய்வு அமைப்பான சாகஸ்க்கின் சோதனைகளில், சாதா யூரியாவைவிட அம்மோனியா இழப்பு ஏறக்குறைய 79 சதவீதமும், அங்கே வழக்கமான கால்சியம் அம்மோனியம் நைட்ரேட்டைவிட நைட்ரஸ் ஆக்சைடு 71 சதவீதமும் குறைந்தன. நைட்ரஸ் ஆக்சைடு நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 273 மடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு.

● மண்ணின் வெப்பம் 6 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் புல் ஏறக்குறைய உறங்கிவிடும். அப்போது போடும் யூரியா யாருக்கும் இல்லை. பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் வெப்பமானியைச் செருகிப் பார்த்துவிட்டு உரம் போடுங்கள் என்று நியூசிலாந்துப் பண்ணையாளர்களுக்குச் சொல்வது இதற்குத்தான்.

● நல்ல மருந்து ஒன்று சந்தையிலிருந்து ஒரே நாளில் காணாமல் போன கதை இது. டைசயான்டயமைடு, சுருக்கமாக டி.சி.டி. அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாவை மந்தப்படுத்துவது இதன் வேலை. நியூசிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாங் டியும் கீத் கேமரனும் பெரிய உருளைகளில் மண்ணை அப்படியே கலையாமல் வெட்டியெடுத்து, மேலே மூத்திரம் ஊற்றி, கீழே சொட்டும் நீரைச் சேகரித்து அளந்தார்கள். டி.சி.டி. போட்ட மண்ணில் கசிவு வெகுவாகக் குறைந்தது. பண்ணையாளர்கள் வாங்கித் தெளித்தார்கள்.

பிறகு பாலில் டி.சி.டி.யின் நுண்ணிய தடயம் தெரிந்தது. உடல்நலத்துக்குக் கேடு செய்யும் அளவு அல்ல. ஆனால் பாலில் அது எவ்வளவு இருக்கலாம் என்று உலக அளவில் ஒரு வரையறை இல்லாததால் அனுமதி என்று சொல்லவும் வழியில்லை. 2008-இல் சீனாவில் மெலமின் கலந்த பால்மாவால் குழந்தைகள் இறந்த துயரம் எல்லோர் நினைவிலும் இருந்தது. மெலமினும் நைட்ரஜன் மிகுந்த பொருள், புரதச் சோதனையை ஏமாற்றக் கலந்தது. 2013 ஜனவரியில் டி.சி.டி. விற்பனை நிறுத்தப்பட்டது. ஆற்றைக் காப்பாற்ற வந்த பொருள், பால் ஏற்றுமதியைக் காப்பாற்ற விலக்கப்பட்டது. அந்த முடிவில் தவறு காண எனக்கு மனம் வரவில்லை. இழந்ததும் சிறிதல்ல.

● டி.சி.டி. செய்த வேலையைச் செய்யும் வேம்பு நம் கையில் இருக்கிறது. யூரியாவோடு வேப்பம் பிண்ணாக்கைக் கலந்து இரவு முழுக்க வைத்திருந்து வயலில் போடுவது நம் உழவர்களின் பழக்கம். 2015-இல் இந்திய அரசு உள்நாட்டில் தயாராகும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச்சைக் கட்டாயமாக்கியது. மானிய யூரியா ஆலைகளுக்குக் கள்ளத்தனமாகப் போவதைத் தடுப்பதும் அதன் நோக்கம்.

● இசப்கோல் உமி தரும் செடியின் நெருங்கிய உறவு ஒன்று இப்போது நியூசிலாந்துப் புல்வெளிகளில் விதைக்கப்படுகிறது. பெயர் பிளான்டேகோ லான்சியோலாட்டா. ஈட்டிபோல் நீண்ட இலை, இலையில் ஓடும் நரம்பு தடவினால் கையில் நெருடும். இதைத் தின்ற பசு அதிகம் மூத்திரம் பெய்கிறது. தழைச்சத்து அதிக நீரில், அதிக இடத்தில் பரவி விழுகிறது. ஒரே திட்டில் குவிவது குறைகிறது. இலையிலுள்ள சில வேதிப்பொருள்கள் மண்ணில் நைட்ரேட் உருவாவதையும் தாமதப்படுத்துகின்றன. குறை என்னவென்றால் இரண்டு மூன்று ஆண்டில் செடி புலத்தில் அருகிவிடுகிறது. மறுபடி விதைக்க வேண்டும்.

● மேய்ச்சல் நிலத்தில் மிக வளமான இடம் எது? படல் அருகிலும், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியும், மர நிழலிலும் மண்ணை எடுத்துச் சோதித்தால் தெரியும். மாடு மேய்வது எங்கெங்கோ, நிற்பது இங்கே. புலம் முழுக்க ஒரே அளவில் உரம் தூவினால் ஏற்கெனவே நிறைந்த இடத்துக்கே மறுபடியும் படைக்கிறோம்.

● கறவைக்கூடத்தைக் கழுவ ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 லிட்டர் தண்ணீர் ஆகிறது. நியூசிலாந்தின் 440 மாட்டுச் சராசரி மந்தைக்கு 22,000 லிட்டர். சாணமும் மூத்திரமும் கலந்த அந்த நீரை ஒருகாலத்தில் குட்டை வழியாக ஓடையில் விட்டார்கள். இப்போது புல்லுக்கே பாய்ச்சுகிறார்கள். மண் நனைந்து கிடக்கும்போது பாய்ச்சினால் நேரே வடிந்துவிடும். குட்டையில் தேக்கிவைத்து, மண்ணில் ஈரம் குறைந்த நாளில் பாய்ச்ச வேண்டும். மாசி பல்கலைக்கழகம் ஆராய்ந்து பரப்பிய முறை இது. கேட்கச் சாதாரணம். பெரிய குட்டை வெட்டக் கடன் வாங்கியவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும்.

● மாடுகள் வெள்ளையரோடு கப்பலில் ஆஸ்திரேலியாவுக்குப் போயின. சாணவண்டுகள் போகவில்லை. கங்காருவின் உருண்டைப் புழுக்கைக்குப் பழகிய உள்ளூர் வண்டுகள் மாட்டுச் சாணத்தைச் சீண்டவில்லை. ஹங்கேரியில் பிறந்த ஜார்ஜ் போர்னெமிஸா இதைக் கவனித்துச் சொல்ல, 1960களில் தொடங்கி வெளிநாட்டு வண்டுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். நியூசிலாந்தில் இதேபோன்ற திட்டத்தின் முதல் வண்டுகள் புல்வெளியில் இறங்கியது 2013-இல்தான். மேலே காய்ந்து கிடக்கும் சாணத்தை வண்டு மண்ணுக்குள் புதைத்தால் அதிலுள்ள தழைச்சத்து வேருக்குப் போகிறது.

● அயர்லாந்தில் ஒரு பசு ஆண்டுக்கு எவ்வளவு தழைச்சத்து கழிக்கிறது என்று அரசே வரையறுத்திருக்கிறது. 4,500 கிலோவரை பால் தருவது 80 கிலோ, அதற்கு மேல் 6,500வரை தருவது 92 கிலோ, அதையும் தாண்டுவது 106 கிலோ. ஐரோப்பிய நைட்ரேட் சட்டத்தின்படி ஹெக்டேருக்கு எரு வழியே 170 கிலோதான். அயர்லாந்துக்கு விலக்காக 250 கிலோ கிடைத்தது. நீரின் தரம் கெட்ட பகுதிகளில் 2024 முதல் அது 220 ஆகிவிட்டது. 92 கிலோக் கணக்கில் பார்த்தால் ஹெக்டேருக்கு 2.7 பசு வைத்திருந்தவர் இனி 2.4 பசுதான் வைக்கலாம். மாட்டை விற்க வேண்டும், இல்லையேல் குத்தகைக்கு நிலம் தேட வேண்டும்.

● நியூசிலாந்தின் டௌபோ ஏரியைச் சுற்றியுள்ள பண்ணைகளுக்கு, ஆண்டுக்கு இவ்வளவு தழைச்சத்துதான் கசியலாம் என்று தனித்தனி ஒதுக்கீடு உண்டு. மிச்சம் பிடித்தவர் இன்னொருவருக்கு விற்கலாம். ஏரிக்குப் போகும் தழைச்சத்தில் மனிதர் கட்டுப்படுத்தக்கூடிய பங்கை 20 சதவீதம் குறைக்க, பொதுப்பணம் ஏறத்தாழ 8 கோடி நியூசிலாந்து டாலர் ஒதுக்கி உரிமைகளை விலைக்கு வாங்கினார்கள். ஏரி இன்னும் தெளிவாகத்தான் இருந்தது. கெட்டபின் சுத்தம் செய்ய வந்த திட்டம் அல்ல இது. நிலத்தடி நீர் ஏரியைச் சேரப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பதால், தாத்தா காலத்து மூத்திரத் திட்டின் நைட்ரேட் இனிமேல்தான் வந்து சேரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

● சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஒரு கணக்கு: ஒரு பண்ணை ஹெக்டேருக்கு 100 கிலோ தழைச்சத்து வாங்கி, பாலிலும் இறைச்சியிலும் 30 கிலோ விற்கிறது. திறன் 30 சதவீதம், மிச்சம் 70 கிலோ. பக்கத்துப் பண்ணை 300 கிலோ வாங்கி 105 கிலோ விற்கிறது. திறன் 35 சதவீதம், ஆனால் மிச்சம் 195 கிலோ! பரிசு யாருக்கு? கிணற்றுக்கு நைட்ரேட் அனுப்புவது மிச்சம்தான், சதவீதம் அல்ல. ஆஸ்திரேலியாவில் 40க்கும் மேற்பட்ட கறவைப் பண்ணைகளை அளந்த ஆய்வில் திறன் 14 முதல் 50 சதவீதம்வரை இருந்தது, மிச்சமோ ஹெக்டேருக்கு 47 கிலோவிலிருந்து 600 கிலோவரை. ஒரே நாடு, ஒரே தொழில், இவ்வளவு வித்தியாசம். மோசமான பண்ணை நடுத்தரத்துக்கு வந்தாலே பெரிய லாபம்.

● கன்றுக்குட்டிக்குக் கழிப்பறைப் பழக்கம் கற்றுத்தர முடியும்! 2021-இல் ஜெர்மனியின் டும்மர்ஸ்டார்ஃப் ஆய்வு நிலையமும் ஆக்லாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து 16 கன்றுகளுக்குப் பயிற்சி கொடுத்தன. குறித்த அறையில் பெய்தால் தின்பண்டம், வெளியே பெய்தால் மேலே கொஞ்சம் தண்ணீர்த் தெளிப்பு. 11 கன்றுகள் கற்றுக்கொண்டன. மூத்திரம் சாணத்தோடு கலக்காவிட்டால் யூரியேஸ் கிட்டுவதில்லை, அம்மோனியாவும் அவ்வளவாகக் கிளம்புவதில்லை.

கொட்டகை மாட்டுக்கு இது சரி. பரந்த புல்வெளிக்கு ஸ்பைக்கி என்ற நியூசிலாந்துக் கருவி இருக்கிறது. முள் பதித்த சக்கரங்கள் மண்ணில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே போகும். மூத்திரம் விழுந்த இடத்தில் உப்பு அதிகம், மின்சாரம் எளிதாகக் கடக்கும். அந்தத் திட்டில் மட்டும் தழைச்சத்து இழப்பைத் தடுக்கும் மருந்தைத் தெளித்துவிட்டு நகரும். மாடுகள் மேய்ந்து போன ஓரிரு நாளுக்குள் ஓட்டிவிட வேண்டும், பிந்தினால் தழைச்சத்து கைமீறிவிடும்.